அம்பு கொன்றதா, தண்ணீர் கொன்றதா?

கொல்லிமலையை ஆண்ட ஓரியை 'வல்வில் ஓரி' என்று தமிழுலகம் அழைப்பதற்கு ஓர் அம்பு காரணம். புலவர் வன்பரணர் அவனைப் பாடிய பாடல் புறநானூற்றில் 152ஆம் பாடலாக நிற்கின்றது. யானை ஒன்றின் மீது எய்த அம்பு அதனைச் சாய்த்துவிட்டு, புலி, மான், பன்றி என்று ஒன்றன்பின் ஒன்றாக ஊடுருவிச் சென்று, இறுதியில் புற்றில் இருந்த உடும்பின் உடலில் தைத்து ஓய்ந்தது என்பது அதில் வரும் செய்தி. இது நடக்கக் கூடியதா என்று வில்லாளிகள் வாதாடட்டும். ஆடித் திங்கள் 17, 18ஆம் நாட்களில் கொல்லிமலையில் இன்றும் அரசு ஓரிக்கு விழா எடுக்கிறது. வில்வித்தைப் போட்டிகளும் நடைபெறுகின்றன.

நமக்கோ அப்பாடலில் வேட்டையைவிட வேட்டைக்குப் பின் நடந்ததே பெரிதாகப் படுகிறது. காட்டு வழியே பசியோடு வந்த பாணர் கூட்டத்துக்கு அவ்வேட்டுவன் தான் வீழ்த்திய மானின் இறைச்சியைச் சமைத்துக் கொடுத்தான். உடன் கொடுத்த மதுவை நாம் விட்டுவிடுவோம். தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் அள்ளி வழங்கினான். அவர்கள் புகழ்ந்தபோது நாணி நின்றான். கடையெழு வள்ளல்களின் வரிசையில் ஓரியை வைத்தது அவனுடைய வில் அன்று, இந்தக் கைதான்.

தமிழகத்துக்கு ஓரி எனில் அரபகத்துக்கு ஹாத்திம் தாயீ. விருந்தினருக்காகத் தம் அருமைக் குதிரையையே அறுத்ததாகச் சொல்லப்படும் அந்த வள்ளலை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். அவருடைய மைந்தர் அதீ (ரலி) அவர்கள் தய்யி குலத்தின் தலைவராக இருந்து, பின்னர் இஸ்லாத்தைத் தழுவிய நபித்தோழர். அவர் வேட்டைப் பிரியர். அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வேட்டையைக் குறித்து அவர் அடுக்கடுக்காகக் கேட்ட கேள்விகளும் அவற்றுக்குக் கிடைத்த விடைகளும் ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் இடம் பெற்றுள்ளன. வேட்டையைப் பற்றிய ஃபிக்ஹுச் சட்டத்தின் பெரும் பகுதி இந்த ஒரு மனிதரின் கேள்விகளில் இருந்து கிளைத்தது என்றாலும் தவறில்லை.

அவ்விடைகளின் சாரத்தை நம் சொற்களில் தருகிறோம். பழக்கிய வேட்டை நாயை அல்லாஹ்வின் பெயர் கூறி அனுப்பினால், அது உமக்காகப் பிடித்து வைத்திருப்பதை உண்ணலாம். பிடித்ததில் ஒரு வாயை அது தின்றுவிட்டதென்றால் உண்ணலாகாது. அது தனக்காகப் பிடித்தது. உம் நாயோடு வேறொரு நாயும் அங்கே நின்றால் உண்ணலாகாது. இறைவன் பெயரை உம் நாயின் மீது கூறினீரே தவிர மற்றதன் மீது கூறவில்லை. கனத்த தண்டு அம்பு தன் முனையால் கிழித்திருந்தால் உண்ணலாம்; அதன் பக்கவாட்டு மொத்துண்டு மாண்டிருந்தால், அது அடிபட்டுச் செத்தது, உண்ணலாகாது. அம்பு பட்ட பிராணியை மறுநாள் கண்டெடுத்து, அதன் உடலில் உம்முடைய அம்பின் தடத்தைத் தவிர வேறெதுவும் இல்லையானால் உண்ணலாம். ஆனால் அது தண்ணீரில் மூழ்கிக் கிடக்கக் கண்டால் உண்ண வேண்டாம். ஏன்? அதைக் கொன்றது தண்ணீரா, உம் அம்பா என்பதை நீர் அறியமாட்டீர்.

இந்தக் கடைசி விடையில் நாம் சற்றுத் தங்க வேண்டும். இவற்றையெல்லாம் இறைச்சியின் தூய்மையைக் காக்கும் விதிகள் என்று மட்டுமே நாம் படித்துப் பழகிவிட்டோம். தூய்மையும் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. என்றாலும் விடைகளை மீண்டும் அடுக்கிப் பார்ப்போர்க்கு அவற்றினூடே ஒரே நூல் ஓடுவது தெரியும். இந்த உயிர் போனதற்கு யார் காரணம், எது காரணம் என்பதை வேட்டையாடியவன் அறிந்திருக்க வேண்டும். இரண்டு நாய்கள் நின்றால் அறிய முடியாது. தண்ணீரில் கிடந்தால் அறிய முடியாது. அறிய முடியாத இடத்தில் அவனுக்கு உரிமை இல்லை. ஓர் உயிரை எடுத்தவன், அதை எடுத்தது தானே என்று சாட்சி சொல்ல முடிந்தால்தான் அதன் மீது அவனுக்குப் பாத்தியதை உண்டு. பசி எவ்வளவு இருந்தாலும், பாலையில் இரண்டு நாள் தேடியலைந்து கண்டெடுத்த மானாக இருந்தாலும் சட்டம் இதுவே.

இனிக் கொல்லிமலைக்குத் திரும்புவோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிச் சேரும் அந்த மலை நாட்டில் வில் போன பின்பு வந்தது நாட்டுத் துப்பாக்கி. தோட்டாவைப் பின்புறம் செருகும் துப்பாக்கி அன்று இது. குழாயின் வாய் வழியாகவே எல்லாம் உள்ளே போக வேண்டும். முதலில் கரிமருந்து, அதன்மேல் துணியோ நாரோ சுருட்டிய அடைப்பு, அதன்மேல் ஈய ரவையோ, சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ் குண்டோ, மீண்டும் ஓர் அடைப்பு, ஒவ்வொன்றையும் நீண்ட கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். ஒருமுறை சுட்டுவிட்டால் மறுமுறைக்கு இவ்வளவு வேலையும் திரும்பச் செய்தாக வேண்டும். அதற்குள் காடு காலியாகிவிடும். ஆகவே இத்துப்பாக்கிக்காரனுக்கு ஒரு வேளைக்கு ஒரு வெடிதான். இந்த ஒன்றைக் கொண்டு சிலர் இதை நியாயமான ஆயுதம் என்பர். விலங்குக்கும் ஒரு வாய்ப்பு உண்டு என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தில் பாதி உண்மை உண்டு. மறு பாதியைப் பார்ப்போம்.

ஒரு வெடிதான் கிடைக்கும் என்பதனாலேயே, அதை ஒற்றைப் பறவையின் மீது செலவிட அவனுக்கு மனம் வராது. ஏரிக் கரையில் நாணல் மறைவில் காத்திருந்து, கிளுவைகளும் நாமக்கோழிகளும் நெருக்கமாகக் கூடி மிதக்கும் நேரம் பார்த்துக் கூட்டத்தின் நடுவே சுடுவான். ரவைகள் விரிந்து பரவும். அதே கணத்தில் கரிமருந்தின் வெண்புகை திரையெனக் கவிந்துவிடும். இன்றைய தோட்டாக்களில் உள்ள மருந்து ஏறக்குறையப் புகையற்றது; கரிமருந்தோ சுட்டவன் கண்ணையே முதலில் மறைக்கும். அந்தப் புகை விலகுவதற்குள் செத்தது செத்திருக்கும், பறந்தது பறந்திருக்கும். சில தண்ணீரில் மிதக்கும். சில சிறகு முறிந்து கோரைக்குள் நுழைந்துகொள்ளும். இரண்டொரு ரவையை வயிற்றில் சுமந்துகொண்டு பறந்து போனவை எத்தனை, அவை எங்கே விழுந்தன, எத்தனை நாள் கழித்து விழுந்தன என்பது சுட்டவனுக்குத் தெரியாது. மிதப்பவற்றை அவன் நீந்திச் சென்று அள்ளி வரும்போது அவற்றைக் கொன்றது ரவையா, தண்ணீரா? அதீ (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட விடை இந்த ஏரிக் கரைக்கென்றே சொல்லப்பட்டது போலிருக்கிறது.

நம் இமாம்கள் துப்பாக்கியைக் குறித்து என்ன சொன்னார்கள் என்பதை இங்கே கூறியாக வேண்டும். அரபியில் 'புந்துக்' என்பது முதலில் ஒரு கொட்டையின் பெயர். பின்னர் அக்கொட்டை அளவான களிமண் உருண்டைக்கு ஆகி, அதற்கும் பின்னர் துப்பாக்கிக்கு ஆகிவந்த சொல். உருதுவில் 'பந்தூக்' என்பதும் அதுவே. களிமண் உருண்டையால் அடித்துக் கொன்ற பறவை, திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் விலக்கிய 'அடிபட்டுச் செத்தவை' என்னும் வகையில் சேரும் என்பதில் பெரும்பாலோர் உடன்பட்டிருந்தனர். ஈயக் குண்டு வந்தபோது வழக்கு மீண்டும் எழுந்தது. திமிஷ்கில் வாழ்ந்து 1836இல் மறைந்த ஹனஃபீ அறிஞர் இப்னு ஆபிதீன், ஈயம் தன் வேகத்தாலும் சூட்டாலும் புண்ணாக்குகிறதே தவிரக் கூர்மையால் அறுப்பதில்லை என்று கருதி, உயிருடன் பிடித்து அறுத்தாலன்றிக் கூடாது என்றார். மாலிக்கீ மத்ஹபைச் சேர்ந்த எகிப்தின் தர்தீர் அவர்கள் கூடும் என்ற தீர்ப்பை ஏற்றார். யமனின் ஷவ்கானீயும் குண்டு உடலைத் துளைத்துச் செல்வதால் கூடும் என்றார்.

நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபியீ மத்ஹபின் தீர்ப்பே நம்மை மிகவும் ஈர்க்கிறது. 16ஆம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த இமாம் இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ்) அவர்கள், நெருப்பால் எறியப்படும் குண்டைக் கொண்டு வேட்டையாடுவதையே தடுக்கிறார்கள். அது எரித்து விரைவில் உயிரைப் போக்கிவிடுகிறது. பிறகு ஒரே ஒரு விலக்குக்கு இடம் கொடுக்கிறார்கள். பெரிய பறவையின் சிறகில் மட்டும் பட்டு அது நின்றுவிடும், சாகாது என்று தேர்ந்த வேட்டைக்காரன் ஒருவன் உறுதியாக அறிவானானால் ஒருவேளை கூடலாம். 'அறிவானானால்' என்பதைக் கவனிக்க வேண்டும். நானூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன் மக்காவில் அமர்ந்து எழுதிய அப்பெரியாரும் அதீ (ரலி) அவர்களின் கேள்விக்கே வந்து சேர்கிறார். கையை விட்டுப் போனது எங்கே போய் எதைச் செய்யும் என்று உனக்குத் தெரியுமா? கூட்டத்தின் மீது ரவையை வாரி இறைப்பவன் இதற்கு என்ன விடை சொல்வான்?

மத்ஹபுகளின் கருத்து வேற்றுமையில் புகுந்து வழக்காட நாம் வரவில்லை. ஹனஃபீயாயினும் ஷாஃபியீயாயினும் நம் மக்களுக்கு நடைமுறை ஒன்றே: சுட்டுவிட்டுக் கத்தியோடு ஓட வேண்டும். உயிர் இருக்கையில் எட்டிப் பிடித்து, தக்பீர் சொல்லி அறுத்தால் உண்டு. எட்டாததை விட்டுவிட வேண்டும். இவ்விதி வேட்டைக்காரனை எங்கே கொண்டு நிறுத்துகிறது என்று எண்ணிப் பார்த்தால், தூரத்திலிருந்து கொன்றவனை அது பறவையின் அருகே இழுத்துச் செல்கிறது. அதன் கழுத்தைக் கையில் பிடிக்கச் சொல்கிறது. துப்பாக்கி ஏற்படுத்திய இடைவெளியைக் கத்தி இல்லாமற் செய்துவிடுகிறது. நம் காலத்து ஆயுதங்களெல்லாம் கொல்பவனைக் கொல்லப்படுவதிலிருந்து மேலும் மேலும் தள்ளி வைத்துக்கொண்டே போவதை நினைத்தால், இந்த ஓட்டத்தின் அருமை புலப்படும்.

ரவையின் கதை அங்கும் முடிவதில்லை. ஏரியில் விழுந்த ஈய ரவைகள் சேற்றில் கிடக்கும். வாத்தினங்கள் இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களைப் பொறுக்கி விழுங்கும் இயல்புடையவை. கல்லென்று ஈயத்தையும் விழுங்கிவிடும். அரைவைப் பையில் ஈயம் தேய்ந்து இரத்தத்தில் கலந்து, பறவை மெலிந்து, சிறகு தொங்கிச் சாகும். அதை உண்ணும் கழுகுக்கும் நஞ்சு ஏறும். இதன் பொருட்டே அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை 1991இல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023 பிப்ரவரியில் தடை நடைமுறைக்கு வந்தது. தந்தை சுட்ட ரவையால் மகன் காலத்துப் பறவை சாகிறது. நிலத்தில் இன்னொரு கேடும் உண்டு. புதர் அசைவதைப் பார்த்து விலங்கென்று சுட்டு, மனிதரைக் கொன்ற செய்திகள் நம் மலையூர்களிலிருந்து வந்திருக்கின்றன. சுட்டவன் கொலைகாரன் அல்லன். எதைச் சுடுகிறோம் என்று அறியாதவன், அவ்வளவுதான். இறந்தவர் வீட்டாருக்கு அந்த வேறுபாட்டால் என்ன பயன்?

இவ்வளவையும் படித்துவிட்டு, "நகரத்தில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து மலைவாசிக்கு நீதி சொல்வது எளிது" என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டும். கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு வாழ்பவர்கள். விளைந்த காட்டில் ஓர் இரவு பன்றிக் கூட்டம் புகுந்தால் ஆண்டின் உழைப்பு போயிற்று. அவன் துப்பாக்கி எடுத்தது வீரத்துக்காக அன்று. நம் நாட்டு வேட்டையின் வரலாறும் நேர்மையானதன்று. வெள்ளைத் துரையும் ஜமீன்தாரும் விலையுயர்ந்த துப்பாக்கி கொண்டு சுட்டுத் தலைகளைச் சுவரில் மாட்டியபோது அது 'ஷிகார்'. ஏழை கரிமருந்து இடித்து ஒரு முயலைச் சுட்டபோது அது திருட்டு. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் முதலில் பெருவேட்டைக்கு ஓர் உரிமம், சிறுவேட்டைக்கு ஓர் உரிமம் என்று வைத்திருந்தது. உரிமம் வாங்கும் வகை அறிந்தோர் யார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. 1991ஆம் ஆண்டுத் திருத்தமே அக்கதவை அடைத்தது. காடை, கவுதாரி, கொக்கு, கிளுவை என்று சுட்டும் கண்ணி வைத்தும் வாழ்ந்த நரிக்குறவர் பெருமக்களின் தலைமுறைத் தொழில் ஒரு சட்டத்தால் குற்றமாயிற்று. அவர்கள் கையில் ஊசியும் பாசியும் மிஞ்சின. பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறியது 2023இல்தான். இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளுக்கு யார் கணக்குச் சொல்வது?

ஆயினும் நீதியின் பெயரால் வேட்டையைத் திறந்துவிடச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பயிரைக் காப்பது ஒன்று. நீர்ப்பறவையைச் சுடுவது வேறொன்று. பயிருக்கு வழி காண்பது அரசின் கடமை. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று வகை செய்தது அவ்வழிகளில் ஒன்று. நீர்ப்பறவையோ உழவனுக்குப் பகையன்று. வேடந்தாங்கல் மக்கள் இதை நம் அனைவருக்கும் முன்பே கண்டுகொண்டனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலச் சிப்பாய்கள் அவர்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, அவ்வூரார் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் பறவைகளைக் காக்கும் 'கவுல்' ஒன்றைப் பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பது அவர்கள் கண்ட பயன். துப்பாக்கி ஏந்தியவர் ஆட்சியிலிருந்த நாளில், துப்பாக்கி இல்லாத குடியானவர்கள் சென்று சுடாதே என்று எழுதி வாங்கி வந்தார்கள். இதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் கூடு கட்டிய பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. வேட்டுச் சத்தமே வேண்டாம் என்று விட்ட ஊர் அது.

மார்க்கம் அனுமதித்ததை நாட்டுச் சட்டம் தடுக்கலாமா என்று இளைஞர் சிலர் வினவுகின்றனர். வேட்டை கடமையன்று; ஆகுமான செயல், முபாஹ். ஆகுமானதைப் பொது நன்மைக்காக ஆட்சி கட்டுப்படுத்தினால் அதற்கு இணங்குவதில் மார்க்கத்துக்கு இழுக்கு எதுவுமில்லை. மேலும் மார்க்கமே இந்த அனுமதியைத் தளையிட்டுத்தான் தந்தது. இஹ்ராம் உடுத்தியவர் கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தொலைவில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு வந்து இறைவன் சோதிப்பதாகத் திருமறை உரைக்கிறது. எட்டாததை விடுவது யாருக்கும் கூடும். எட்டியதை விடுவதே அங்கு வணக்கம். ஹரம் எல்லையில் கொல்லப்பட்ட ஒரு புறாவுக்கு ஓர் ஆட்டை ஈடாக நபித்தோழர்கள் தீர்ப்பளித்தனர். புறாவின் எடையையும் ஆட்டின் எடையையும் நினைத்துப் பாருங்கள்.

வெறும் விளையாட்டுக்காகக் கொல்வதைப் பற்றியோ ஐயத்துக்கே இடமில்லை. பயனின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் தன்னைக் கொன்றவன் மீது இறைவனிடம் முறையிடும் என்னும் நபிமொழியை நஸாயீ பதிவு செய்கிறது. ஒரு பறவையைக் கட்டி வைத்துக் குறி பழகிக்கொண்டிருந்த குறைஷி இளைஞர்கள், இப்னு உமர் (ரலி) அவர்களைக் கண்டதும் சிதறி ஓடினர். உயிருள்ளதைக் குறிப்பொருளாக்குபவனைப் பெருமானார் (ஸல்) சபித்ததை அவர் எடுத்துரைத்தார். அந்தப் பறவைக்காரனோடு அவ்விளைஞர்கள் ஓர் ஒப்பந்தமும் செய்திருந்தனர்: குறி தவறிய அம்பெல்லாம் அவனுக்கு. கொடுமையும் ஒரு கணக்கு வழக்கோடுதான் நடக்கிறது.

நம் தமிழ் முஸ்லிம் வீடுகளில் வேட்டையைப் பற்றிய முதற்கதை உமறுப் புலவரின் சீறாப்புராணத்திலிருந்து வருவது: மானுக்குப் பிணை நின்ற படலம். வேடன் வலையில் சிக்கிய பிணைமான், கன்றுக்குப் பாலூட்டி வர விடை கேட்கிறது; அண்ணலார் (ஸல்) பிணையாக அமர்கிறார்கள்; மான் திரும்பி வருகிறது. இந்நிகழ்ச்சிக்கான அறிவிப்பின் வலிமையை ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஆராய்வர். அது அவர்கள் துறை. பாட்டிமார் இக்கதையைச் சொல்லும்போது குழந்தைகள் பிணையைவிட, கன்று எங்கே பசித்திருக்கிறது என்பதையே கேட்கும். வேடனும் அதை அறிந்திருக்கவில்லை. தன் வலையில் இருப்பது ஒரு மான் என்று மட்டும் எண்ணியிருந்தான்.

ஸலீம் அலீ அவர்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பம்பாயில் சிறுவனாக இருக்கையில் அவர் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். எடுத்துப் பார்த்தால் தொண்டையில் மஞ்சள் நிறம். சாதாரணச் சிட்டுக்குருவி அன்று. இது என்ன பறவை என்று மாமாவிடம் கொண்டு போனார். மாமா பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே மில்லர்ட் என்னும் துரை அலமாரி அலமாரியாகப் பறவை உடல்களைத் திறந்து காட்டினார். அந்த ஒரு கேள்வியிலிருந்து இந்தியப் பறவையியலின் தந்தை உருவானார். 1985இல் தம் வரலாற்றை எழுதியபோது அந்தக் குருவியின் வீழ்ச்சியையே நூலுக்குப் பெயராக வைத்தார். அவர் பின்னாளிலும் ஆராய்ச்சிக்காகச் சுட்டவர்தாம். புனிதராக்கிக் காட்ட வேண்டியதில்லை. சுட்டதைத் தூக்கிப் பார்த்து, நான் கொன்றது எதை என்று கேட்டார். பெரும்பாலோர் கேட்பதில்லை.

அந்தக் கேள்வி வேட்டைக்காரனோடு நின்றுவிடுவதாயின் நாம் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம். நம் குடும்பங்களில் துப்பாக்கி பிடிப்போர் யார்? கொல்லிமலையின் அடிவாரத்தில் கிடக்கிறது நாமக்கல். நாட்டின் முட்டைக் கூடை அது. எழுதும் தாளின் அளவுக்கு மேற்படாத இடத்தில் நின்றே வாழ்ந்து முட்டையிட்டு, முட்டை குறைந்ததும் இறைச்சிக்கு விற்கப்படும் கோழிகள் அம்மாவட்டத்தின் கொட்டகைகளில் கணக்கற்றவை. மேலே மலையில் ஒருவன் ஒரு காட்டுக்கோழியைச் சுட்டால் குற்றம். சட்டப்படி அது சரியே. கீழே கூண்டில் சிறகு விரிக்காமலே பிறந்து முடியும் கோழியைப் பற்றி நாம் எவரும் முகம் சுளிப்பதில்லை. அந்தக் காட்டுக்கோழி வெடிச்சத்தம் கேட்கும் வரையிலாவது கோழியாக வாழ்ந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நம் தெருக்களின் கறிக்கோழிக் கடைகளில் கூட்டத்தைப் பார்க்கிறோம். "ஓதி அறுத்ததுதானே?" என்று கேட்பதோடு நம் விசாரணை முடிந்துவிடுகிறது. அண்ணலார் (ஸல்) கத்தியைத் தீட்டி வைத்துக்கொள்ளவும், அறுக்கப்படுவதற்கு இதமளிக்கவும் பணித்தார்கள். ஆட்டின் கண்ணெதிரே கத்தி தீட்டியவரைக் கடிந்தார்கள். கடையிலோ ஒன்றின் முன்னே மற்றொன்று அறுபடுகிறது. அறுத்த கோழி பீப்பாய்க்குள் எறியப்படுகிறது. நெரிசல் மிகுந்த வேளையில் துடிப்பு அடங்கும் முன்னே எடுத்து, இறகு நீக்கும் கொதிநீரில் அமிழ்த்திவிடுவதும் உண்டு. அறுப்பு முறைப்படி நிறைவேறியிருந்தால் இறைச்சி கூடும் என்றே ஆலிம்கள் விடை சொல்லக்கூடும். சொல்லட்டும், ஹாத்திமின் மகன் விடை தெரிந்த பின்னரும் அடுத்த கேள்வியைக் கேட்கிறவர். கத்தியா, கொதிநீரா என்று அவர் அந்தக் கடை வாசலில் கட்டாயம் கேட்டிருப்பார். ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும் துடிப்புதான் அது. வரிசையில் நிற்பவர் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னால் கடைக்காரரும் பொறுத்துக்கொள்வார்.